நாடகம் முடிந்ததும் பிள்ளை கேட்டால்: எடுத்து வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இரவு நாடகம் முடிந்து விளம்பரம் ஓடுகிறது. பாயில் படுத்திருந்த எட்டு வயதுப் பிள்ளை தலையைத் தூக்கிக் கேட்கிறாள்: "அம்மா, நான் உங்கட வயித்துலதானே பிறந்தன்?" உங்கள் கையில் ரிமோட் அப்படியே நிற்கிறது. "விசர்க்கதை கதைக்காமப் படு" என்று சொல்லி லைட்டை அணைத்துவிடுகிறீர்கள். பிள்ளை தூங்கிவிடும். நீங்கள்தான் விடியும்வரை முழித்துக் கிடப்பீர்கள்.

மாங்கேணி, காயாங்கேணி, வாகரை, வாழைச்சேனை என்று இந்த மட்டக்களப்புக் கரை நெடுக எடுத்து வளர்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சுனாமியில் தாயை இழந்த பிள்ளை, 2006, 2007 இடப்பெயர்வில் கை மாறி வந்த பிள்ளை, தங்கச்சி மத்திய கிழக்குக்குப் போக அக்கா வீட்டில் வளர்ந்த பிள்ளை, பிள்ளையில்லாத மாமி கேட்டு வாங்கிய பிள்ளை. வளர்த்தவர்களின் அன்பில் குறை கண்டவர் யாரும் இல்லை. குறை இரண்டு இடத்தில்தான்: சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது, எழுத வேண்டியதை எழுதாமல் விட்டது.

விஜய் டிவியில் 2019 முதல் 2023 வரை ஓடிய 'பாரதி கண்ணம்மா'வை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தனக்குப் பிள்ளை பிறக்காது என்ற பொய்யான மருத்துவ முடிவை நம்பிய டாக்டர் பாரதி, மனைவியைச் சந்தேகப்படுகிறான். பிறந்ததோ இரட்டைக் குழந்தைகள். ஒன்று தாயிடம் வளர்கிறது. மற்றதைத் தத்துப் பிள்ளை என்று நினைத்து, தன் சொந்த மகளையே அவன் வளர்க்கிறான். ஒரு பரிசோதனையில் முடிய வேண்டிய விஷயம் நான்கு வருடம் இழுபட்டது. நாடகத்துக்கு அந்த இழுவை தேவை. உங்கள் வீட்டில் அதே இழுவை நடந்தால், பிள்ளைதான் கிழிபடும்.

கீழே உள்ளவற்றில் எதை இன்றைக்கே செய்யலாம் என்று பார்த்து, அதிலிருந்து தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

1. இன்றைக்கே சொல்லத் தொடங்குங்கள். "பெரிய பிள்ளையாகட்டும், விளங்கும் வயது வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். மூன்று, நான்கு வயதில் கதையாகக் கேட்ட பிள்ளைக்கு அது தன் கதை. பதினாறு வயதில் முதல் தடவை கேட்கும் பிள்ளைக்கு அது இடி. கூத்து பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. கர்ணன் போர் ஆடும்போது கொட்டகையே அழுவது ஏன்? பெற்றவள் யார் என்று அவனுக்குத் தெரியவந்தது யுத்தம் வாசலுக்கு வந்த பிறகு. பெட்டியில் மிதந்து வந்தவனை எடுத்து வளர்த்த ராதை மேல் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. செய்தி பிந்தி வந்ததுதான் அவனை முறித்தது.

எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்: "நீ வேற ஒரு அம்மாட வயித்துல இருந்து வந்தனீ மகள். அவவால உன்னை வளர்க்க ஏலாமப் போச்சு. எங்களுக்கு ஒரு பிள்ளை வேணும் எண்டு ஆசை. அப்படித்தான் நீ இந்த வீட்டுக்கு வந்த." இவ்வளவு போதும். அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேட்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மீதி அடுத்த மாதம் வரும், அடுத்த வருடம் வரும்.

2. வீட்டில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்லுங்கள். அம்மம்மா ஒன்று, மாமா ஒன்று, பக்கத்து வீட்டு அக்கா ஒன்று என்று மூன்று கதை கேட்ட பிள்ளை மூன்றையும் நம்பாது. ஒரு பின்னேரம் உட்கார்ந்து பெரியவர்கள் பேசி முடிவெடுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வீட்டு வாய்களையாவது ஒன்றாக்கலாம்.

3. பெற்றவளைப் பற்றித் தெரிந்த நல்லதைச் சொல்லிவையுங்கள். அவள் நன்றாகப் பாடுவாள், அவளுக்கும் இதே சுருட்டை முடி, நண்டுக் கறி என்றால் உயிர். இப்படி ஒன்றிரண்டு போதும். தெரியாததைக் கட்டிச் சொல்ல வேண்டாம், "எனக்குத் தெரியாது மகள்" என்பதும் நேர்மையான பதில்தான். பெற்றவளைக் கேவலமாகக் கேட்கும் பிள்ளை, தன்னில் பாதியைக் கேவலமாக நினைக்கத் தொடங்கும்.

4. பிள்ளை வந்த நாளின் சாமான்களைப் பத்திரப்படுத்துங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா ஒரு பால்மா டின்னை இருபது வருடம் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். உள்ளே பொத்தான் இல்லாத ஒரு மஞ்சள் சட்டை, கறுத்துப்போன ஒரு அரைஞாண், முகாமில் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு. மகள் கல்யாணத்துக்கு முதல்நாள் அதைத் திறந்து காட்டினார். அந்தப் பெண் சட்டையை மூக்கருகே வைத்து மணந்து பார்த்தாள். மணம் எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் வைத்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு அவளுடைய நகைப்பெட்டிக்குள் இருப்பது அந்தச் சட்டைதான்.

5. நன்னடத்தை உத்தியோகத்தரை நேரில் போய்ப் பாருங்கள். ஊரில் 'புரோபேஷன் ஒபிஸ்' என்று சொல்வது அவர்களைத்தான். எங்கே போவது என்று தெரியாவிட்டால் வாகரைப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள், வழி காட்டுவார். இலங்கையில் தத்தெடுப்பை ஆள்வது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம். மாவட்ட நீதிமன்றம் கட்டளை போட்டால்தான் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. எத்தனை வருடம் வளர்த்தீர்கள், எத்தனை பேருக்குத் தெரியும் என்பதெல்லாம் அந்தக் கட்டளைக்கு ஈடாகாது.

சட்டம் கேட்பதில் முக்கியமானவை இவை. எடுப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நெருங்கிய உறவுப் பிள்ளை என்றால் இந்த இடைவெளியில் விலக்கு உண்டு. பெற்றவரின் சம்மதம் வேண்டும். பெற்றவர் கைவிட்டுப் போயிருந்தால், தேடியும் கிடைக்காவிட்டால், நீதிமன்றம் அதைப் பார்த்து முடிவு செய்யும். பிள்ளைக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். பத்து வயதுக்குப் பிறகு ரகசியமாக எடுக்க முடியாது, பிள்ளையைக் கேட்காமல் நீதிபதி கட்டளை போடமாட்டார்.

6. பதினான்கு வயதுக்கு முன் முடியுங்கள். அந்தச் சட்டம் 'பிள்ளை' என்று சொல்வது 14 வயதுக்குக் குறைந்தவரைத்தான். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் நாளைக்குக் காலையிலேயே பஸ் ஏறுங்கள்.

7. பிறப்புப் பதிவைச் சரிபாருங்கள். பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அதற்குத் தனி விண்ணப்பம், தனி ஆதாரங்கள். யுத்த காலத்தில் பதியாமலே விட்ட பிள்ளைகள் இப்போது வளர்ந்த ஆட்கள். அவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. மகவேற்புக் கட்டளை கிடைத்ததும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மகவேற்கப்பட்ட பிள்ளைகளுக்கான பதிவேட்டில் பதிவாகி, அதற்கொரு சான்றிதழ் வரும். பாடசாலைக்கும் அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் அதைத்தான் காட்ட வேண்டும்.

8. எல்லாப் பத்திரத்திலும் மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று கரையிலிருந்து தள்ளியிருக்கும் சொந்தக்காரர் வீட்டில், ஒன்று போனில் படமாக. ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 'பேபி 81' நம் பக்கத்துக் கரையில் நடந்த கதை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இடிபாடுகளுக்குள் கிடந்த ஆண் குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு கல்முனை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைய அனுமதிப் பட்டியலில் 81ஆவது பெயர் அது. பெயர் என்றா சொன்னேன், வெறும் இலக்கம். இரண்டு மாதக் குழந்தைக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியுமா? ஒன்பது தாய்மார் உரிமை கோரினார்கள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி வந்து நின்றது ஒரே ஒரு தம்பதி. அவர்கள் வீட்டை அலை கொண்டுபோயிருந்தது. இது எங்கள் மகன் என்று காட்ட அவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி 14 அன்று முடிவு வந்தது. அவர்கள்தான் பெற்றோர். பெப்ரவரி 16இல் பிள்ளை தாயின் கைக்கு வந்தான். ஏழு வாரம். பெற்ற பிள்ளை கண்ணுக்கெதிரே வார்ட்டில் கிடக்க, தூக்க முடியாத ஏழு வாரம்.

பெற்றவர்களுக்கே தாள் இல்லாமல் இந்தக் கதி. வளர்த்தவர்களுக்குத் தாள் இல்லாவிட்டால் டி.என்.ஏ.யும் துணைக்கு வராது.

9. சொத்தை எழுதி வையுங்கள். மகவேற்புக் கட்டளை இல்லாமல் வளர்த்த பிள்ளை, நீங்கள் கண்ணை மூடினால், சட்டத்தின் கண்ணில் அந்நியர். இப்போது இருபது, இருபத்தைந்து வயதான பிள்ளைகளுக்குத் தத்தெடுப்பு இனி முடியாது, ஆனால் நன்கொடை உறுதியோ மரணசாசனமோ எழுதலாம். மரணசாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். "என் தம்பிமார் நல்லவர்கள், பிள்ளையை விடமாட்டார்கள்" என்று நம்பிப் போனவர்களின் பிள்ளைகள் வளவுக்கு வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் மார்க்கச் சட்டப்படி எவ்வளவு வஸியத் எழுதலாம் என்று ஆலிமிடமும் சட்டத்தரணியிடமும் சேர்த்தே கேளுங்கள்.

10. குடி விஷயத்தை முன்கூட்டியே பேசுங்கள். மட்டக்களப்பில் "என்ன குடி?" என்ற கேள்வி கல்யாணப் பேச்சிலும் கோயில் வாசலிலும் வந்தே தீரும். இங்கே குடி தாய் வழியாக வருவது. பெற்ற தாய் யாரென்று தெரியாத பிள்ளை அந்தக் கேள்வி முன் வாயடைத்து நிற்கும். நீங்கள் உயிரோடும் தெம்போடும் இருக்கும்போதே கோயில் வண்ணக்கரையும் குடிப் பெரியவர்களையும் பார்த்து, இந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை, நம்மோடுதான் நிற்கும் என்று வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். பெண் பிள்ளையென்றால் சீதன வீடு யார் பெயரில் என்பதையும் அதே மூச்சில் தீர்த்துவிடுங்கள். ஆளுக்கு ஆள், கோயிலுக்குக் கோயில் வழக்கம் வேறுபடும். கேட்காமல் ஊகிப்பதுதான் ஆபத்து.

11. வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். 'என் குடும்பம்' கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் அவர் பார்த்து நடந்துகொள்வார்.

12. 1929ஐ போனில் பதிந்து வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். பிள்ளையை யாராவது பறிக்க வந்தாலும், விற்க வந்தாலும், அடித்தாலும் அந்த இலக்கத்துக்கு எடுங்கள்.

13. நாடகத்தைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். டிவியை அணைத்தால் பிள்ளை பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கும். கூட இருந்து, "அந்த அப்பா முதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை இப்படி அழுதிருக்காதே" என்று ஒரு வார்த்தை போடுங்கள். நீங்கள் வீட்டில் பேச வேண்டிய பேச்சுக்கு நாடகமே கதவு திறந்துவிடும்.

செய்யக்கூடாதவை

1. வைத்தியசாலையில் பெயர் மாற்றிப் பதியாதீர்கள். பெறுகிறவளை உங்கள் பெயரில் அனுமதித்து, பிறப்புப் பதிவில் உங்களைத் தாயாக எழுதுவது சிலருக்குச் சுலபமான வழியாகத் தெரிகிறது. "நீதிமன்ற அலைச்சல் எதுக்கு, ஒரே நாளில் வேலை முடியும்" என்று சொல்லவும் ஆட்கள் இருப்பார்கள். பதிவாளருக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். அதைவிடப் பெரியது, அந்தப் பிள்ளை என்றைக்காவது தன் தாயைத் தேடினால் பிடித்துக்கொண்டு போக ஒரு நூல்கூட மிஞ்சாது.

அந்த நூல் அறுந்தவர்கள் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து நெதர்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து என்று பிள்ளைகள் போனார்கள். எல்லா நாடுகளுக்கும் சேர்த்துப் போனவர்கள் சுமார் 11,000 பேர் என்று சொல்லப்படுகிறது. சுவிஸுக்கு மட்டும் 1973க்கும் 1997க்கும் இடையில் 881 பிள்ளைகள் என்று அந்த நாட்டு ஆய்வறிக்கை சொல்கிறது. பலருடைய பத்திரங்கள் பொய். தாய் என்று நீதிமன்றத்தில் நின்று கையெழுத்துப் போட்டவளே கூலிக்கு நடித்தவள் என்பதும் வெளிவந்தது. நெதர்லாந்தின் ஸெம்ப்ளா நிகழ்ச்சி 2017இல் இதைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன இந்த முறைகேடுகளை ஒப்புக்கொண்டார். தன் நாட்டு விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. நாற்பது வயதான பெண்கள் விமானம் ஏறி வந்து, கையில் ஒரு பழைய பிறப்புச் சான்றிதழோடு, அதில் எழுதியிருக்கும் ஊரில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தத் தாளை நீங்கள் எழுதிவிடாதீர்கள்.

2. பிள்ளைக்காகக் காசு கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். நீதிமன்ற அனுமதியில்லாமல் தத்தெடுப்புக்காகப் பணமோ பொருளோ கை மாறுவதை அந்த 1941 சட்டமே தடுக்கிறது. 'ஆஸ்பத்திரிச் செலவு' என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் நீதிமன்றம் அதைக் காசாகத்தான் பார்க்கும். இடையில் ஒரு ஆள் நின்று பேரம் பேசினால் எழும்பி வந்துவிடுங்கள்.

3. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்று பகிடிக்கும் சொல்லாதீர்கள். பெற்ற பிள்ளையிடம் அது விளையாட்டு. எடுத்து வளர்த்த பிள்ளை அதே வார்த்தையை இரவில் தனியே எடுத்துப் பார்க்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளி சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், அவர் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம்.

4. இரத்த வகையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நாடகத்தில் நர்ஸ் ஒரு இரத்த வகைக் காட்டை (அட்டையை)ப் பார்த்து முகம் மாறுவார், உடனே பின்னணி இசை வரும். உண்மையில் அம்மா ஏ, அப்பா பி, பிள்ளை ஓ என்று வருவது சாதாரணம். பெற்றோர் இருவரும் தலைக்கொரு ஓ மரபணுவை மறைவாக வைத்திருந்தால் அது நடக்கும். பெற்றோர் இருவரும் ஓ என்றால் பிள்ளை ஏ ஆகவோ பி ஆகவோ வருவது வழமையில் இல்லை. அதற்கும் 1952இல் பம்பாயில் கண்டறிந்த அரிய வகை போன்ற விதிவிலக்குகள் உண்டு. எழுதும்போது பிழைத்த காட்டுகளும் உண்டு. இரத்த வகைக் காட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துக் கத்தியவர், இரண்டாம் தடவை சோதித்தபோது காட்டுதான் பிழை என்று கண்டதை நான் அறிவேன். காட்டைத் திருத்திக் கொடுத்தார்கள். கத்தியதை யாரும் திருத்திக் கொடுக்கவில்லை.

5. சந்தேகத்தில் களவாக டி.என்.ஏ. செய்யாதீர்கள். பிள்ளை தன் மரபணுவில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தகப்பனிடமிருந்தும் பெறுகிறது. ஒழுங்காகச் செய்த பரிசோதனை ஒருவரைத் தகப்பன் அல்ல என்று தெளிவாக விலக்கிவிடும், தகப்பன் என்றால் 99 வீதத்துக்கு மேலான நிச்சயத்தோடு சொல்லும். ஆனால் யாருடைய மாதிரி, யார் எடுத்தது, யார் முன்னால் எடுத்தது என்று காட்ட முடியாத முடிவு நீதிமன்றத்தில் நிற்காது. வீட்டில் மட்டும் வேலையைக் காட்டும். நம் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளை என்றே கொள்கிறது. கர்ப்பமான காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால் அது விலகும். கேட்க வேண்டுமானால் சட்டத்தரணி ஊடாக, நீதிமன்றம் ஊடாகக் கேளுங்கள். அதற்கு முன் ஒரு இரவு முழுக்க யோசியுங்கள்: முடிவு எப்படி வந்தாலும், அந்தப் பிள்ளை காலையில் உங்களை என்னவென்று கூப்பிடப் போகிறது?

"உங்களுக்குப் பிள்ளை பிறக்காது" என்று ஒரேயொரு பரிசோதனை சொன்னதை வைத்தும் மனைவியைச் சந்தேகிக்க வேண்டாம். ஆண்களின் விந்துப் பரிசோதனை காய்ச்சலுக்குப் பிறகு ஒரு மாதிரி வரும், இரண்டு மூன்று மாதம் கழித்து வேறு மாதிரி வரும். பாரதியின் வாழ்க்கையைக் குலைத்தது ஒரே ஒரு தாள்.

6. நன்றிக்கடன் கேட்காதீர்கள். "தெருவில கிடந்த உன்னைத் தூக்கி வளர்த்தனே" என்ற ஒரு வாக்கியம் பதினைந்து வருட அன்பைக் கடன் சிட்டையாக்கிவிடும். ஓ.எல். பரீட்சையில் பிள்ளை சித்தியடையாத கோபத்தில் வாயில் வந்துவிட்டது என்பார்கள். வந்தது வந்ததுதான். கோபம் வந்தால் எழும்பி கிணற்றடிக்குப் போங்கள், வளவைக் கூட்டுங்கள், அந்த வாக்கியம் மட்டும் வெளியே வரக்கூடாது.

7. ஜாடை தேடாதீர்கள். "மூக்கு எங்கட ஆக்கள் மாதிரி இல்லை" என்று பிள்ளை காதுபடப் பேசுவோரை நிறுத்துங்கள். பெற்ற பிள்ளைகளிலேயே அப்பாவையும் அம்மாவையும் விட்டுவிட்டுப் பூட்டியைக் கொண்டு பிறப்பவர்கள் உண்டு.

8. அடையாள அட்டை வரை, கல்யாணம் வரை மறைத்து வைக்காதீர்கள். அடையாள அட்டைக்குப் பதினைந்து வயதில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நேரம் பிறப்புச் சான்றிதழை எடுக்காமல் தீராது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் பெயருக்கு நேரே வேறொரு அம்மாவின் பெயரை முதன்முதல் பார்த்தது ஒரு கந்தோர் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது. பக்கத்தில் போட்டோ கொப்பி மெசின் ஓடிக்கொண்டிருந்தது. "இது ஆர்?" என்று கேட்டாளாம். கூடப் போன அம்மா கையில் பேனையோடு தலை குனிந்து இருந்தார். விண்ணப்பத்தை அன்றைக்கு நிரப்பவில்லை. வீடு வரைக்கும் பஸ்ஸில் இரண்டு பேரும் இரண்டு சீட்டில் இருந்து வந்தார்கள். அவள் திரும்ப "அம்மா" என்று கூப்பிட எட்டு மாதம் ஆயிற்று.

9. பிள்ளையின் படத்தையும் கதையையும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். "இந்தப் பிள்ளையின் உறவினர் யாராவது இருந்தால் பகிருங்கள்" என்று நல்லெண்ணத்தில்தான் போடுகிறீர்கள். ஆனால் அந்தக் கதை பிள்ளையுடையது, பத்து வருடம் கழித்து வகுப்புப் பிள்ளைகள் அதைத் தோண்டி எடுப்பார்கள். கண்டெடுத்த பிள்ளையென்றால் பொலிஸுக்கும் நன்னடத்தைத் திணைக்களத்துக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். காணாமற்போன உறவைத் தேடும் வேலையை, பதிவும் பொறுப்பும் உள்ள நிறுவனங்களிடம் கொடுங்கள்.

10. தாய் வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளையை உங்கள் பிள்ளை என்று ஆக்கிவிடாதீர்கள். அம்மம்மா வீட்டில், பெரியம்மா வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாள், குவைத்திலோ சவூதியிலோ ஒரு சமையலறையில் நின்று காசு அனுப்புகிறாள். வெள்ளிக்கிழமை அவள் வீடியோ கோல் எடுக்கும்போது பிள்ளையின் கையில் போனைக் கொடுங்கள். திரும்பி வரும் நாளில் அவள் தன் மகளுக்கு 'அன்ரி'யாக நிற்கக்கூடாது.

11. பிள்ளை பெற்றவர்களைத் தேடப் போனால் மறிக்காதீர்கள். 2002இல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அமுதாவுக்குத் தான் தத்துப் பிள்ளை என்பது ஒன்பதாவது பிறந்தநாளில் தெரிகிறது. அவள் வீம்பு பிடிக்கிறாள், ஓடிப் போகிறாள், பெற்றவளைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வளர்த்த அம்மாவும் அப்பாவும் அவளைக் கட்டி வைக்கவில்லை. யுத்தம் நடக்கும் இலங்கைக்கே கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் படத்தை நான் மதிப்பது அதற்காகத்தான். கூடப் போங்கள். விலாசம் தேடும்போது பக்கத்தில் நில்லுங்கள். கதவு திறக்காவிட்டால், திறந்தும் உள்ளே கூப்பிடாவிட்டால், பிள்ளை திரும்பி வர ஒரு தோள் வேண்டும்.

12. கேள்வி வந்ததும் லைட்டை அணைக்காதீர்கள். இன்றைக்கும் எட்டரைக்கு நாடகம் ஓடும். அது முடிந்து பிள்ளை தலையைத் தூக்கினால் பாயில் பக்கத்தில் உட்காருங்கள். சத்தத்தைக் குறையுங்கள். "நீ கேட்டது நல்ல கேள்வி மகள். வா, சொல்றன்" என்று சொல்லி, அந்த டின்னை எடுத்து வாருங்கள்.